தப்பான பச்சை, இரண்டு தடவை

பணி ஓய்வு பெற்ற நாளில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வேலைக்காலம் முழுவதும் சாய ஆலையின் லேபில் உட்கார்ந்து கலர் பார்த்தவள் நான். அந்தச் சால்வை ஒரு முனையில் ஒரு நீலமாகவும் மறுமுனையில் வேறொரு நீலமாகவும் இருந்தது. மைக்கைப் பிடித்தவர்கள் எல்லோரும் என் கண்ணைப் புகழ்ந்தார்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தோளைப் பார்க்காமல் நிற்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கஷ்டம்.

இப்போது லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் போன் செய்து, "மேடம், சீக்கிரமா ஷேடு எடுக்கப் பழகறதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். அதில் 'சீக்கிரமா' என்பதை எடுத்துவிட்டால் சொல்வதற்கு என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. புத்திமதியாகச் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. உங்கள் வயதில் நானும் கேட்டவள் இல்லை. அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக நம் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிறவரை நாம் பையர் என்கிறோம். அவர் விரலளவு துணி ஒன்றை அனுப்பி, இந்தக் கலரில் பனியன் வேண்டும் என்பார். நாம் சின்ன டப்பாவில் வெள்ளைத் துணித் துண்டைப் போட்டு, சாயமும் உப்பும் சோடாவும் சேர்த்துச் சூடேற்றி, அந்தக் கலரைக் கொண்டுவர வேண்டும்; இதைத்தான் ஷேடு எடுப்பது என்கிறோம். அப்படி எடுத்த துண்டுக்குப் பெயர் பிட். பையர் பிட்டைப் பார்த்துச் சரி என்றால், அதே அளவுகளை வைத்துக் கீழே பெரிய மெஷினில் டன் கணக்கில் துணி சாயமேறும். டப்பாவில் நடக்கிற தப்பைக் குப்பையில் போட்டுவிடலாம். மெஷினில் நடக்கிற தப்பைக் கறுப்பாக மாற்றலாம். ஆனால் நாம் கறுப்பாக்கி வைத்திருக்கும் நேரத்தில் கறுப்புப் பனியன் கேட்கிற பையர் யாரும் இருக்கமாட்டார்.

என்னிடம் வேலை பழக வந்தவர்களில் ஒருவர் ரொம்பச் சுறுசுறுப்பு. பிட்டைக் காயவைத்து என் முன்னால் நீட்டுவார். நான் வாயைத் திறப்பதற்குள், "சிகப்பு கொஞ்சம் கூடிப்போச்சுங்க மேடம், மாத்திக் கொண்டாரேன்" என்று திரும்பிவிடுவார். என்ன கண் இவருக்கு என்று நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். ஒருநாள் நான் பல்வலியோடு உட்கார்ந்திருந்தேன். அன்று அவர் எடுத்த நல்ல பிட்டையெல்லாம் வரிசையாகக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். பிட்டை அவர் பார்க்கவே இல்லை, இத்தனை நாளும் என் மூஞ்சியைப் பார்த்துத்தான் கலர் பழகியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பழக வருகிறவர்களுக்கு ஆரம்பத்தில் பையரின் கலரைக் காட்டவே மாட்டேன். சாயம் இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று ஓர் அளவு மட்டும் சொல்வேன். அதை வைத்து ஒரு பிட் எடுக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடியிலிருந்து ஆரம்பித்து, இன்னொரு பிட் எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அது என்ன கலர் என்று நான் கேட்கமாட்டேன். அவர்களும் கேட்கக் கூடாது. இரண்டு டப்பாவை ஒரே சமயத்தில் ஓட்டுகிற சாமர்த்தியமும் செல்லாது. ஒரே குக்கரில் வெந்த சோற்றை இரண்டு தட்டில் வைத்துவிட்டு எனக்குச் சமையல் தெரியும் என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

சென்னியப்பன் அண்ணன் லேபுக்குப் பழக வந்தபோது என்னைவிட மூத்தவர். மங்கலத்தில் சொந்தமாக விசைத்தறி ஓட்டியவர். கூலி கட்டுப்படியாகாமல் தறிகளைப் பழைய இரும்புக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர் என்பதால் அவர் ரகசியமாகப் பேசினால்கூட அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும். அவருடைய தங்கையைக் கட்டியவர்தான் எங்கள் முதலாளி. அந்த உறவில் வந்த வேலை இது.

முதலாளி என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். "கொஞ்ச நாள் வெச்சுப் பாருங்க மேடம். வேலை புடிபடலீன்னா சொல்லீருங்க. கேட்ல உக்கார ஆள் வேணும். மச்சானை அங்க போட்டுக்கலாம்."

அண்ணனுக்கும் அது தெரியும். முதல் நாளே என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, அவரால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அம்மணி, எந்த வேலைன்னாலும் செய்யறேனுங்க. டப்பாக் கழுவச் சொன்னாலும் கழுவறேன். அந்தக் கேட்டு மட்டும் வேண்டாமுங்க. தங்கச்சி கார்ல வரும்போது நான் எந்திரிச்சு நின்னு கதவைத் தெறந்து உடோணும். அவ உள்ளெ உக்காந்துட்டு எந்தப் பக்கம் பாப்பா, சொல்லுங்க?"

லேபில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருந்தது. எல்லோரும் மும்முரமாக டப்பாக்களைக் கழுவத் தொடங்கினார்கள்.

இப்படிப்பட்டவரிடம் போய், கலரைக் காட்டமாட்டேன், இரண்டையும் ஒன்றுபோல எடுத்துக் காட்டுங்கள் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

"பொண்ணு யாருன்னே சொல்லாம தாலியக் கட்டுன்னா எப்படிங்கம்மணி?"

"முடிச்சுப் போட்டுப் பழகுங்கண்ணா. பொண்ணு அப்புறம் வரும்."

"தறியில இந்த ரோதனையே இல்லீங்க. சாயங்காலம் எத்தனை மீட்டர் உழுந்துச்சுன்னு பாத்தாப் போதும்."

அவருடைய சிக்கலே அதுதான். சாயங்காலத்தை மதியமே பார்த்துவிட வேண்டும் அவருக்கு. டப்பா சூடேறிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். கலர் குறைந்த மாதிரி தெரிந்தால் ஒரு சொட்டு சாயம் விடுவார். கூடின மாதிரி தெரிந்தால் சீக்கிரமே இறக்கிவிடுவார். முதல் பிட்டும் இரண்டாவது பிட்டும் ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் லட்சணமாக இருக்கும். அதுதான் இன்னும் ஆபத்து. சாயத்தைக் கரைக்கிற கை, எடை போடுகிற பொறுமை எல்லாம் நன்றாகவே வந்துகொண்டிருந்தன. மூடியில் கை வைக்காமல் இருக்க மட்டும் அவரால் முடியவில்லை.

அந்தச் சமயத்தில் கணியூரில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். அண்ணனிடம், "நான் வர்ற வரைக்கும் பழகறதோட நிறுத்திக்கங்க, பையர் ஷேடு எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது என் மேஜைமேல் மைசூர்பா டப்பா இருந்தது.

எங்கள் ஆலையில் அது ஒரு வழக்கம். பையர் ஒரு ஷேடை ஒப்புக்கொண்டால் முதலாளி லேபுக்கு இனிப்பு அனுப்புவார். புதிதாகப் பழகுகிறவர் எடுத்த முதல் ஷேடாக இருந்தால் மரியாதை இன்னும் பெரிது. அந்தப் பிட்டை ஆபீஸ் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டுவார்கள்.

நடந்தது இதுதான். நான் ஊரில் இல்லாத நாளில் ஒரு கிளிப்பச்சை அவசரமாக வந்திருக்கிறது. முதலாளி நேராக லேபுக்கு வந்து, "மேடம் வர்ற வரைக்கும் காத்திருந்தா ஆர்டர் காத்திருக்குமா மச்சான்? எடுங்க பார்க்கலாம்" என்றிருக்கிறார். அண்ணன் எடுத்திருக்கிறார். முதல் தடவையிலேயே கலர் அச்சாக வந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளூரிலிருக்கும் பையர் ஆபீஸில் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கிளிப்பச்சை என்பது லேபில் இருக்கிறவர்களைக் கதற வைக்கிற கலர். அதில் போடுகிற ஒரு நீலச் சாயம் மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஜாதி. தண்ணீர் மாறினால் மாறும், சூடு மாறினால் மாறும். அதை முதல் தடவையிலேயே எடுத்தவரை ஆலையே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

"அம்மணி, வந்துருச்சுங்க!" என்றார் அண்ணன். கீழே மெஷின்காரர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். மைசூர்பாவில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே, "நல்லதுங்கண்ணா. இன்னொண்ணு எடுங்க" என்றேன்.

எடுத்தார். எழுதி வைத்திருந்த அதே அளவில் முதலாவது நீலம் பாய்ந்த பச்சையாக வந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று மஞ்சளைக் கூட்டியதில் அடுத்தது வாழைக்குருத்து மாதிரி வந்தது. அதற்கும் அடுத்தது எதில் சேர்த்தி என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பையர் ஒப்புக்கொண்ட பிட்டின் மீதிப் பாதியைத் தேடினால், அது ஆபீஸில் பிள்ளையாரோடு இருந்தது. போய் எடுத்து வந்தேன். நடுவில் குங்குமம், சுற்றிலும் சந்தனம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை.

அண்ணனின் முகத்தில் வேர்த்துக் கொட்டியது. "அன்னைக்கு என்னங்கண்ணா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"கலர் வந்துருச்சுங்கம்மணி. அந்தச் சந்தோசத்துல மத்ததெல்லாம் மறந்துபோச்சுங்க."

நான் இத்தனை வருடங்களில் கேட்ட பதில்களில் இவ்வளவு நேர்மையான பதில் வேறு இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு டன் துணியைச் சாயமேற்ற முடியாது. கீழே பெரிய மெஷினில் சாயமேற்றுகிற டையிங் மாஸ்டர் போன் செய்தார். "மேடம், பச்சைக்குத் துணி ரெடிங்க. நாளைக்கு மத்தியானம் மெஷின் காலியாகுது. ஏத்தலாமுங்களா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதுபோல ஒரு போன் உங்களுக்கும் வரும். ஏற்றலாம் என்று சொன்னால் எல்லோருக்கும் நல்லவளாக இருந்திருப்பேன். பையர் ஒப்புக்கொண்ட அளவு இருக்கிறது, மேலே முதலாளியின் உத்தரவு இருக்கிறது. துணி கெட்டால் மெஷினைச் சொல்லலாம், மின்சாரத்தைச் சொல்லலாம். ஏற்றாதீர்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அண்ணனைக் கேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"ஏத்தாதீங்க" என்றேன். போனை வைத்த கையோடு முதலாளியிடம் போய், வந்த கலர் திரும்ப வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கெட்ட செய்தியைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அது இன்னும் கெட்டுப்போகும்.

முதலாளி புரியாமல் பார்த்தார். "பையர் ஓக்கே சொல்லியாச்சு. சாமிக்கு வெச்சாச்சு. அப்புறம் எங்க போகும் மேடம் அது?"

"வந்த வழி தெரியலீங்க."

"மச்சானுக்கு ஒத்து வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும். நீங்களே எடுத்துக் குடுத்துருங்க."

நான் உட்கார்ந்தால் எடுத்துவிடலாம். அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அப்புறம் அண்ணன் தலைக்கு மேலே லேப் கூரை இருக்காது. மெஷின் காலியாக மறுநாள் மதியம் ஆகும் என்பதால், "நாளைக்குக் காலை வரைக்கும் அண்ணன் எடுக்கட்டுங்க. வரலீன்னா நான் எடுக்கறேன், மெஷின் நிக்காது" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

லேபுக்கு வந்து பையரின் கலரை எடுத்து என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். குங்குமப் பச்சையையும் கூடவே வைத்தேன்.

"அண்ணா, கலரை உடுங்க. அன்னைக்கு உள்ளெ வந்து செருப்பைக் கழட்டுனதுல இருந்து என்னென்ன செஞ்சீங்களோ அதையே செய்யுங்க. கை எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் போகட்டும். நான் பேசமாட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். துணித் துண்டை எடை போட்டார். சாயத்தை அளந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். குழாயைத் திருகக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகத் திரும்பி, மூலையில் ஸ்டூலில் இருந்த குடிதண்ணீர்க் கேனைப் பார்த்தார்.

"அன்னைக்கு மேல டேங்க் கழுவுனாங்கம்மணி. குழாய்ல தண்ணி வல்லீங்க."

"அதனால?"

"மாப்ளை பின்னாலயே நின்னு அவசரப்படுத்துனாருங்க. கேன் தண்ணியை ஊத்தீட்டேன்."

எங்கள் ஆலைக் குழாயில் வருவது சுத்திகரித்துத் திரும்ப வருகிற தண்ணீர், போதாத நாளில் லாரித் தண்ணீர், இரண்டும் கலந்தது. கேனில் இருப்பது குடிக்கிற தண்ணீர். அந்தக் கோபக்கார நீலத்துக்கு இந்த வித்தியாசம் தாராளமாகப் போதும். சோதித்துப் பார்க்க, கேன் தண்ணீரில் ஒரு பிட் எடுக்கச் சொன்னேன். பையிலிருந்து கலரை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அதே கிளிப்பச்சை. பிள்ளையாருக்கு வைத்த அதே பச்சை.

இதைக் கேள்விப்பட்டு முதலாளி லேபுக்கு ஓடி வந்தார். முகத்தில் அவ்வளவு பிரகாசம். "அவ்வளவுதானே? இதுக்கா இந்தப் பாடு?" என்றவர், அங்கேயே நின்று கேன் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார். நாளைக்கு மதியத்துக்குள் ஒரு மெஷின் நிறையத் தண்ணீர் வேண்டும் என்றார். ஏதாவது விசேஷமுங்களா, எத்தனை பந்தி என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "விசேஷமெல்லாம் இல்லீங்க, துணிக்குங்க" என்றார் முதலாளி. உடனே போன் துண்டிக்கப்பட்டது.

"ஒரு தடவைக்குக் கேன் தண்ணி கெடச்சாலும் அடுத்த லாட் துணிக்கு என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

ஆக, குழாய்த் தண்ணீரில் அதே பச்சையை எடுத்தாக வேண்டும். அண்ணன் உடனே டப்பாவைத் தூக்கினார். மஞ்சளைக் கூட்டலாமா, நீலத்தைக் குறைக்கலாமா என்று கையில் சொட்டுக்குழாயோடு பரபரத்தார். நான் பையரின் கலரை மறுபடி பைக்குள் போட்டேன்.

"ஒண்ணையும் கூட்ட வேண்டாம், கொறைக்க வேண்டாம். அதே அளவு. குழாய்த் தண்ணி. ரெண்டு பிட். ரெண்டும் ஒண்ணா இருக்கோணும்."

"அம்மணி, அது தப்பான பச்சையாத்தானே வரும்?"

"ஆமாங்க. தப்பாவே வரட்டும். ரெண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பா வரட்டும்."

முதலாளி கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊரெல்லாம் சரியான கலருக்கு அலைகிற நேரத்தில் தன் லேபில் தப்பான கலரை எடுக்க ஆள் போட்டு வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "நான் வேற ஏதாவது தொழில் பண்ணியிருக்கலாம்" என்றார். யாரும் மறுக்கவில்லை.

முதல் ஜோடி ஒத்துவரவில்லை. அண்ணன் மூடியைத் திறந்து பார்த்ததை நான் பார்த்தேன். அவரே இரண்டு பிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தெறந்துட்டேனுங்க" என்றார். அடுத்த தடவை டப்பாவை லேபிலிருக்கும் சின்ன மெஷினில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தறிக்காரர் ஒருவர், ஓடுகிற மெஷினுக்கு முதுகைக் காட்டி நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. தறியில் அப்படி நின்றால் நூல் அறுந்ததே தெரியாமல் போகும். அவர் முதுகு அடிக்கடி திரும்பத் துடித்தது. திரும்பவில்லை.

அன்று வேலை முடிகிற நேரத்தில் இரண்டு தப்பான பச்சைகள் மேஜைமேல் கிடந்தன. இரண்டும் ஒரே தப்பு. நான் பையரின் கலரை வெளியே எடுத்து நடுவில் வைத்தேன். முதல் தடவையாக எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. கொஞ்சம் நீலம் கூட, கொஞ்சம் மஞ்சள் குறைவு, அவ்வளவுதான். இதுவரைக்கும் அது தெரியாததற்குக் காரணம், ஒவ்வொரு தடவையும் நாங்கள் வேறு வேறு இடத்தில் நின்றுகொண்டிருந்ததுதான். எவ்வளவு மாற்ற வேண்டும் என்று அண்ணனையே சொல்லச் சொன்னேன். யோசித்துச் சொன்னார். நான் திருத்தவில்லை, திருத்த வேண்டியும் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் புது அளவில் முதல் பிட் எடுத்தார். கலர் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை அவர் "வந்துருச்சு" என்று சத்தம் போடவில்லை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டாவது பிட்டுக்குத் துணியை எடை போட ஆரம்பித்தார்.

அது காய்ந்துகொண்டிருந்தபோது முதலாளி வந்தார். கையில் போன். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பச்சை வேண்டாமாமுங்க மேடம். இந்தத் தடவை பச்சையே கெடையாதுன்னு மெயில் வந்திருக்குது. மணல் கலர் வேணுமாமா. அதுக்குத் துணியும் அவங்க ஆபீஸ்ல இருந்து வந்துருச்சு."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பையர் நேரில் இருந்தால் அவர்மேல் வந்திருக்கும். இத்தனை பாடுபட்டு எடுத்த கலரை அந்தப் பக்கம் யாரோ ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன் ஒரு வரியில் அடித்துவிட்டுப் போகிறார். இதுவும் நம் வேலையில் உண்டு, பழகிக்கொள்ளுங்கள். நான் கடைசிவரை பழகவில்லை.

முதலாளி அண்ணன் பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "மச்சான், ஒருத்தருக்கு ஒரு ராசிங்க. சாமிக்கு வெச்சும் நிக்கலை பாருங்க. நாளையில இருந்து கேட்டைப் பாத்துக்கங்க. அங்க இந்தத் தலைவலி இல்லை. யூனிஃபார்முக்கு அளவு குடுத்துருங்க."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அண்ணன் பேசினார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"சரிங்க மாப்ளை. ஒரு பிட் காயுதுங்க. அதை மட்டும் பாத்துட்டு வந்தர்றேன்."

"பச்சையே வேண்டாம்னுட்டாங்களே, அப்புறம் அதை என்னத்துக்குப் பாக்கறீங்க?"

"ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு எடுக்கோணுமுங்க."

போய் எடுத்து வந்தார். இளஞ்சூட்டில் இருந்த பிட்டை ஆறும்வரை கையில் வைத்திருந்து, பிறகு மேஜைமேல் முதல் பிட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வைக்கும்போது இரண்டும் கொஞ்சம் நகர்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது, துடைக்கவில்லை.

முதலாளி சும்மா ஒரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டையும் கையில் எடுத்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோனார். கலர் ஒப்பிடுகிற லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். மறுபடி ஜன்னலுக்குப் போனார்.

"இதுல எது மொத எடுத்தது மச்சான்?"

"தெரியலீங்க மாப்ளை."

முதலாளி என்னைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியலீங்க" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

முதலாளி சட்டைப் பையிலிருந்து புதிதாக வந்த மணல் கலர் துணியை எடுத்து, வழக்கம்போல என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. அவர் பச்சை இரண்டையும் இன்னொரு தரம் பார்த்துவிட்டு, கையை அண்ணன் பக்கம் திருப்பினார்.

"கேட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். இதை எடுத்துக் குடுங்க மச்சான். அவசரமுங்க."

அண்ணன் அதை வாங்கினார். என்ன கலர் என்றுகூடப் பார்க்காமல் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"எடுக்கறேனுங்க மாப்ளை. இன்னிக்கு மேல டேங்க்ல எந்தத் தண்ணி கெடக்குதுங்க?"

குரல் பழையபடி தறிக் குடோன் குரலாகியிருந்தது. கீழே மெஷின்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எந்தத் தண்ணீர் என்று லேபில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அண்ணன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை ஒன்றையும் தொடுவதில்லை என்று நின்றார்.

"இருங்க, பாத்துட்டு வர்றேன்" என்றார் முதலாளி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டேங்க் ஏணியில் ஏறினார்.